வேனிற் பன்னிரண்டும் ஆறு மணியும்

சமாதானம் வந்ததால் கஷ்டப்பட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. திருகோணமலையில் அப்படிச் சிலர் இருந்தார்கள். மெழுகுதிரியை மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்திருந்த கடைக்காரர். அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்துப் பிழைத்தவர். "ரோட்டு மூடிப் போட்டாங்கள்" என்ற ஒரே வசனத்தைச் சொல்லிப் பத்து வருஷமாக மாமியார் வீட்டுக்குப் போகாமல் தப்பியிருந்த மருமக்கள். இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய அடி விழுந்தது, மாவட்டக் கச்சேரியின் காணிக் கிளையில் எழுதுவினைஞராக இருந்த சின்னராசாவுக்கு. போர்நிறுத்தம் அவருடைய கவிதையின் கடைசிப் பாட்டைக் கேட்டது. அந்தப் பாட்டு அவரிடம் இல்லை.

முதலில் இருந்து சொல்வதென்றால் தொண்ணூற்றோராம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் ஊர் பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, எங்கள் வாசிகசாலைக்காரர் கூடி, இந்த வருஷம் ஒரு பின்னேரமாவது யாரும் அழாமல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, "வேனில் கவியரங்கம்" என்று ஒன்றை வைத்தார்கள். பொருள், கோடை. ஆளுக்கு எட்டு நிமிடம். துவக்கு, செல், அகதி, முள்ளுக்கம்பி ஆகிய சொற்களைக் கவிதையில் சேர்க்கக் கூடாது. இந்த விதி மேடையில் இருந்தவர்களுக்கும் நல்லதாக இருந்தது, கதவடியில் நின்று காது கொடுத்தவர்களுக்கும் நல்லதாக இருந்தது.

தலைவர் கிண்ணியா முனாப் மாஸ்டர். ஆள் வெண்கலக் குரல், வெள்ளைச் சறம், கையிலே ஒரு பித்தளை மணி. எட்டாவது நிமிடத்தில் அந்த மணியை அடிப்பார், கவிஞர் நிறுத்த மாட்டார், பிறகு மணியும் கவிதையும் சேர்ந்து கொஞ்ச நேரம் போகும். மூன்று மணிக்கு என்று நோட்டீஸ் அடித்தால் நாலேகாலுக்குத் தொடங்கும். ஆறு மணிக்கு ஊரடங்கு. ஊரடங்கு இல்லாத நாளிலும் முனாப் மாஸ்டர் கடைசிப் பாதையைப் பிடித்தாக வேண்டும். பாதை என்றால் தண்ணீருக்கு மேலே ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போகும் மிதவை. அது போய்விட்டால் மாஸ்டருக்கு வீடு அந்தக் கரை, மாஸ்டர் இந்தக் கரை.

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் கவியரங்குகளில் ஓர் அடியை ஒரு தரம் மட்டும் வாசிக்கிறவர் கவிஞர் இல்லை, செய்தி வாசிப்பவர். இரண்டு தரம் வாசிக்க வேண்டும். சபை "இன்னொருக்கா" என்றால் மூன்றாம் தரமும் வாசிக்க வேண்டும். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஊரடங்கு இல்லாத நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்.

அந்த முதலாம் ஆண்டில் கடைசிக் கவிஞராகச் சின்னராசாவைப் போட்டார்கள். கொண்டுவந்த கவிதைக்கு "வேனிற் பன்னிரண்டு" என்று பெயர். கச்சான் காற்று ஒரு பாட்டு, கடல் ஒரு பாட்டு, கொன்றை ஒன்று, வேம்பு ஒன்று, தும்பிகள் ஒன்று, கோட்டை வாசல் மான்கள் ஒன்று என்று பன்னிரண்டு. எழுந்து நின்று,

"கச்சான் அடிக்குது, கடலும் உறங்குது,
மச்சான் வலைவிரித்து மணலில் உறங்குறான்"

என்று தொடங்கினார். கடல் அமைதியாகக் கிடக்கிற காலத்தில் மச்சான் ஏன் கடலுக்குப் போகாமல் மணலில் உறங்குகிறான் என்பது சபைக்குத் தெரியும். கடலுக்குப் போகத் தடை. விதியில் உள்ள ஒரு சொல்லையும் தொடாமல் மனிதன் சொல்லிவிட்டான். "இன்னொருக்கா" என்ற சத்தத்தில் ஓடு அதிர்ந்தது. பிறகு கொன்றை வந்தது.

"கொன்றை பூத்தது யாரிடமும் கேளாமல்,
என்று உதிர்வதென எவரிடமும் சொல்லாமல்."

இதுவும் மூன்று தரம். பதினோராம் பாட்டு முடிகிறபோது மணி ஆறுக்குப் பத்து. முனாப் மாஸ்டர் மணியை அடிக்கவில்லை, மணியோடு எழுந்து ஓடினார். சபையும் ஓடியது. கவிதை நின்ற இடத்தில் நின்றது.

அதில் ஒரு மோசடியும் இல்லை. பன்னிரண்டாவது பாட்டு அவர் எழுதவில்லை என்பது உண்மை, ஆனால் அடுத்த கிழமை எழுதலாம் என்றுதான் விட்டிருந்தார். அது பாலைப்பழத்தைப் பற்றியது. ஆனி மாதம் இரண்டு மூன்று கிழமை மட்டும் காட்டில் பழுக்கிற, சிறுவிரல் நுனியளவு மஞ்சள் பழம். அன்றன்றைக்குத் தின்ன வேண்டும், அடுத்த நாளைக்கு வைத்தால் புளித்துப் போகும். சின்னராசாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. அந்த வருஷம் கண்ணால் காணாத எதையும் அந்த வருஷக் கவிதையில் வைக்க மாட்டார். காணிக் கிளாக்கர் அல்லவா. ஒவ்வொரு வைகாசியிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு இடத்துக்குப் போய்ப் பார்ப்பார். கொன்றை நிற்கிறதா, பூத்ததா, எத்தனையாம் திகதி பூத்தது. வேம்பு நிற்கிறதா, வெட்டிவிட்டார்களா. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கடதாசி, எல்லாம் ஒரு பழைய பைலில். வேறு கவிஞர்கள் கவிதையைத் திருத்துவார்கள், இவர் கவிதையைத் தல தரிசனம் செய்வார்.

அவருடைய கொன்றை உள்துறைமுக ரோட்டில் ஒரு முகாம் வேலிக்குள் நின்றது. ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக் கடதாசியில் ஏதோ எழுதுகிறவரைப் பார்த்துக் காவல் சிப்பாய் துவக்கோடு வந்தான். என்ன பார்க்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். கச்சேரிச் சிங்களத்தில் "மல்" என்றார் இவர். பூ. சிப்பாய் திரும்பி அண்ணாந்து பார்த்தான். எத்தனை நாளாக அந்த மரத்தடியில் நிற்கிறானோ, அன்றைக்குத்தான் பார்த்தான் போலிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அவனுக்குத் தன் வேலை ஞாபகம் வந்தது, "யன்ட" என்று விரட்டிவிட்டான்.

இப்படிப் பதினொரு பாட்டுக்கும் சாட்சி கிடைத்தது. பன்னிரண்டாவதுக்குத்தான் கிடைக்கவில்லை. பாலை நிற்கிற காடு தம்பலகாமத்துக்கு அப்பால். அந்தக் காட்டுக்குள்ளே அந்த நாட்களில் யார் யார் இருந்தார்களோ, பழம் பொறுக்கப் போகிற கிளாக்கருக்கு இடமில்லை. சந்தைக்கும் பழம் வரவில்லை. தின்னாமல் எப்படி எழுதுவது?

பிழை நடந்தது கவியரங்குக்கு அடுத்த நாள். பாக்கியரத்தினம் ரீச்சர், ஊரில் தமிழ் இலக்கணத்துக்குச் சொந்தக்காரி, கச்சேரி வாசலில் இவரை மறித்தார்.

"கவிஞர், பதினொண்டே இப்பிடியெண்டால் பன்னிரண்டாவது எப்பிடி இருக்கும்? அதிலதானே எல்லாத்தையும் வச்சிருக்கிறீங்கள்?"

அதுவரையில் அவரை யாரும் கவிஞர் என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் "இஞ்சருங்கோ", வெளியில் "கிளாக்கர்". அந்தச் சொல் காதுக்குள் போன வேகத்தில் சின்னராசா தலையை ஆட்டிவிட்டார். ஓம் என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் தலையாட்டல்.

அது போதும். அடுத்த வருஷம் அவரைக் கடைசியாகப் போட்டார்கள், முடிவைக் கேட்க வேண்டும் என்று. பத்தாம் பாட்டில் ஆறு மணி. அதற்கடுத்த வருஷம் பிரதம விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசினார், ஆறாம் பாட்டில் ஆறு மணி. ஒரு வருஷம் வெடிச் சத்தம் ஒன்று கேட்டு மூன்றாம் பாட்டிலேயே சபை கதிரைகளைக் கவிழ்த்துக்கொண்டு போனது. இரண்டு வருஷம் கவியரங்கமே இல்லை. ஆக மொத்தம் ஒன்பது தரம் அந்தக் கவிதை தொடங்கியது, ஒரு தரமும் முடியவில்லை. ஊருக்கு முதல் ஆறு பாட்டும் பாடம். முடிவைப் பற்றி ஊருக்கு ஓர் ஐதீகம். அதைக் கேட்டால் கல்லும் அழும் என்றார் ஒருவர். கொழும்புப் பத்திரிகை ஒன்றில் "ஒலிக்காத பன்னிரண்டாம் பாட்டு" என்று அரைப்பக்கம் வந்தது. ஒருவருக்கும் தெரியாத ஒன்றைப் புகழ்வது மிகவும் சுலபம், குறை கண்டுபிடிக்க ஏலாது.

சின்னராசா என்ன செய்தார்? மெல்ல மெல்ல அதற்குப் பழகினார். நான்காம் ஐந்தாம் வருஷங்களில், சபை கேட்காமலே மூன்றாம் தரம் வாசிக்கத் தொடங்கினார். ஐந்தே முக்கால் ஆக முந்தியே எட்டாம் பாட்டுக்கு வந்துவிட்டால் தண்ணீர் கேட்டுக் குடித்தார். கடைசிப் பாட்டு இல்லை என்ற விஷயம் தெரிந்த இன்னோர் ஆள், அவருடைய மனைவி இராசமலர் மட்டும்தான். "உங்களுக்கு ஊரடங்கு போடுற ஆள் ஆரோ, அவருக்கு ஒரு பொங்கல் வைக்க வேணும்" என்பார் அந்த அம்மா.

இரண்டாயிரத்து இரண்டு மாசியில் போர்நிறுத்தம் வந்தது. முள்ளுக்கம்பிகளைச் சுருட்டினார்கள். கடற்கரையில் ஐஸ்கிறீம் வான் இரவு எட்டு மணிக்கும் பாட்டுப் போட்டது. சனங்கள் வேலையில்லாமலே ரோட்டில் நடந்தார்கள், நடக்கலாம் என்பதற்காக. சின்னராசா வீட்டில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

"ஊரே சிரிச்சுக்கொண்டு திரியுது," என்றார் இராசமலர். "நீங்கள் மட்டும் சாவீட்டுக்குப் போன ஆள் மாதிரி."

"முனாப் மாஸ்டர் சொல்லியனுப்பினவர். இந்த முறை கவியரங்கம் முடிய இந்தக் கரையில இருக்கிற மகள் வீட்டிலயே தங்கப் போறாராம். நேரக் கட்டுப்பாடு இல்லையாம்."

"அப்ப உண்மையச் சொல்லுங்கோவன், எழுதேல்ல எண்டு."

"பதினொரு வருஷத்துக்குப் பிறகோ? கவிஞர் எண்டு கூப்பிட்ட வாயால என்னவெண்டு கூப்பிடுவாங்கள்?"

"எழுதுங்கோவன் அப்ப. காடு திறந்துதானே கிடக்கு."

அது சரியாகப் பட்டது. ஆனி பிறந்த இரண்டாம் கிழமை, தம்பலகாமத்தில் வயலும் உழவு இயந்திரமும் வைத்திருந்த ஸெய்னுதீனிடம் போனார். ஸெய்னுதீன் ஒரு காணிப் பிரச்சினைக்காகப் பன்னிரண்டு வருஷம் கச்சேரிக்கு நடந்தவர், ஆகவே சின்னராசாவை நன்றாக அறிந்தவர், ஆகவே கவிஞர் என்று கூப்பிடாதவர்.

"கிளாக்கர், பெட்டியில ஏறுங்க. ஒரு நோட்டீஸ் இருக்கு. மாடு மிதிச்ச இடத்தில மட்டும் கால் வைங்க. மாடு போகாத பக்கம் பூ இருந்தாலும் பழம் இருந்தாலும் பார்க்காதீங்க. கண்ணிவெடிக்குக் கவிதை விளங்காது."

உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஒரு மணித்தியாலம் குலுங்கிக் குளக்கட்டு ஓரத்துக்குப் போனார்கள். சாணம் கிடந்த வழியே, சாணத்தைத் தெய்வம் போலப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அங்கே நின்றது பாலை. பன்னிரண்டு வருஷம் ஒருவரும் பொறுக்காத மரம். நிலமெல்லாம் மஞ்சள். கொப்பு வளைந்து கைக்கெட்டுகிற உயரத்தில் தொங்கியது. முந்தின நாள் வந்துபோன கரடி ஒன்று ஒரு கொப்பை முறித்துப் போட்டிருந்தது.

சின்னராசா பைலைத் திறந்து, பேனையைத் திறந்து, திகதி போட்டார். ஒரு பழத்தை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு பேனையை மூடினார். பிறகு இரண்டு கையாலும் தின்றார். ஸெய்னுதீன் சொன்னது: "நான் எருமையும் பாத்திருக்கேன், யானையும் பாத்திருக்கேன், இந்த மனுசன் திண்ட மாதிரி ஒரு உசிரும் திண்டு நான் பாக்கல்ல." பாலைப்பழத்தில் ஒரு பால் உண்டு. அளவுக்கு மிஞ்சித் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். திரும்பி வருகிற வழியில் ஸெய்னுதீன் கேட்ட கேள்விகளுக்கு உழவு இயந்திரம்தான் பதில் சொன்னது.

வீட்டில் இராசமலர் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்து உதட்டைத் திறந்துவிட்டார். இவர் கொண்டுவந்த ரின் நிறையப் பழத்தையும் அந்த அம்மா நின்ற நிலையிலேயே தின்று முடித்தார். பிறகு பைலைப் பார்த்தார். திகதி இருந்தது. கீழே "இனிப்பு" என்று ஒரு சொல் இருந்தது.

பத்து நாள் கழித்துத் திரும்பப் போனபோது மரத்தில் இலை மட்டும் இருந்தது. ஸெய்னுதீன் கையை விரித்தார். "அது அவ்வளவுதான் கிளாக்கர். அது உங்களைக் கேட்டுப் பழுக்கிறதும் இல்ல, உங்களுக்காக நிக்கிறதும் இல்ல."

ஆனி கடைசி ஞாயிறு கவியரங்கம். வெள்ளிக்கிழமை லீவு போட்டுச் சின்னராசா குந்தியிருந்து எழுதினார். மரபு பிசகாமல், எதுகை மோனை எல்லாம் பொருந்தி, பாட்டு ஒன்று வந்தது. இராசமலருக்கு வாசித்தார்.

"தேனோ, அமுதோ, தெவிட்டாத தீஞ்சாறோ,
வானோர் விருந்தோ, வனமகளின் முத்தமோ..."

"நல்லாயிருக்கு," என்றார் இராசமலர். "இதில பழம் எங்க?"

"முதல் அடியிலயே இருக்குதே."

"அது மாம்பழத்துக்கும் பொருந்தும். கலியாண வாழ்த்துக்கும் பொருந்தும். இருமல் பாணிக்கும் பொருந்தும்."

"சபைக்கு இது போதும், காணும்."

"சபைக்குக் காணும்," என்றார் அம்மா. சட்டையை அயன் பண்ணிக் கொடுத்தார். பாட்டுச் சட்டைப் பைக்குள் போனது.

அன்றைக்கு வாசிகசாலையில் இடம் இல்லை. மூதூரில் இருந்து வள்ளத்தில் வந்திருந்தார்கள், கந்தளாயில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். பாக்கியரத்தினம் ரீச்சர் முன்வரிசையில், கொப்பியோடு. மற்றக் கவிஞர்களுக்குக் கைதட்டல் மரியாதையாக, சுருக்கமாக விழுந்தது. சின்னராசா எழுந்தபோது ஐந்தரை. கச்சான் அடித்தது, கடல் உறங்கியது. ஒருவரும் "இன்னொருக்கா" கேட்கவில்லை. அவராக இரண்டாம் தரம் வாசிக்கப் போனால், "விளங்கீட்டு, மேல போங்கோ" என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது. முடிவைக் கேட்க வந்த சபை அது.

ஒன்பதாம் பாட்டில் சுவர் மணிக்கூட்டில் ஆறு அடித்தது. பாதிச் சபை எழுந்துவிட்டது. குடையை எடுத்தார்கள், செருப்பைத் தேடினார்கள். ஒருவர் கதவு வரைக்கும் போய்விட்டார். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊரடங்கு இல்லை என்பது தலைக்குத் தெரியும், காலுக்கு இன்னும் தெரியவில்லை. யாரோ சிரிக்கத் தொடங்க, எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார்கள். எழுந்து நின்ற முனாப் மாஸ்டரும் மெதுவாக உட்கார்ந்தார்.

பதினோராம் பாட்டு முடிந்தது. வாசிகசாலை அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் கண்டது, சுற்றிவளைப்பு நாட்களில் மட்டும்தான். சின்னராசா சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். விரித்தார்.

"தேனோ, அமுதோ, தெவிட்டாத தீஞ்சாறோ..."

தலையை நிமிர்த்தினார். மூன்றாம் வரிசையில் ஸெய்னுதீன் இருந்தார், புதுத் தொப்பி போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு. ஸெய்னுதீனுக்குக் கவிதை தெரியாது. பழம் தெரியும்.

"கிளாக்கர்," என்றார் அவர், வயலில் கூப்பிடுகிற குரலில். "நாங்க திண்டது வேற பழமா?"

சபை சிரித்தது. சின்னராசாவும் சிரித்திருந்தால் தப்பியிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் அடிக்குப் போயிருந்தாலும் தப்பியிருப்பார். கைதட்டல் ஆயத்தமாக இருந்தது, ரீச்சரின் பேனை ஆயத்தமாக இருந்தது. அவர் கடதாசியைப் பார்த்தார், ஸெய்னுதீனைப் பார்த்தார், கடதாசியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பன்னிரண்டாவது பாட்டு நான் எழுதேல்ல," என்றார். "முந்தியும் எழுதேல்ல. பன்னிரண்டு வருஷம் பழம் கிடைக்கேல்ல. இந்த வருஷம் கிடைச்சுது, திண்டதில எழுத மறந்துபோனன். பிறகு எழுதுவம் எண்டால் மரத்தில ஒண்டும் இல்ல. இப்ப வாசிச்சது பொய். மன்னிக்க வேணும்."

ரீச்சர் கொப்பியை மூடிய சத்தம் கேட்டது.

"எங்க மரம்?" என்றது பெண்கள் பக்கத்துக் குரல் ஒன்று.

"அது சொல்லப்படாது," என்றார் ஸெய்னுதீன்.

"கரடி நிண்டதோ?"

"முந்தின நாள் வந்து போயிருந்தது," என்றார் சின்னராசா. "ஒரு கொப்பு முறிச்சுக் கிடந்தது. அந்தக் கொப்பில இருந்த பழம்தான் நல்ல பழம். கரடி தெரிஞ்சுதான் முறிச்சிருக்கு." பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சாணம் பார்த்து நடந்ததைச் சொன்னார். பழம் நிலத்தில் கிடந்து வெயிலில் சூடாகி, சூட்டோடு வாய்க்குள் போனதைச் சொன்னார். உதடு ஒட்டியதைச் சொன்னார். தான் வாங்கிய தேங்காயெண்ணெய்த் தேய்ப்பைச் சொன்னபோது இராசமலர் முந்தானையால் முகத்தை மூடினார். முன்பு ஒரு காலத்தில் அந்தக் காட்டுக்குப் போனவர்கள் இடையில் புகுந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். எட்டாம் நிமிடம் எப்போதோ போயிருந்தது. முனாப் மாஸ்டர் மணியை அடித்தார். ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டரும், "எங்கட உம்மா ஒருக்கா..." என்று தொடங்கிவிட்டார்.

அந்தப் பேச்சுத்தான் உண்மையான பன்னிரண்டாம் பாட்டு என்று பிறகு சிலர் பத்திரிகைக்கு எழுதினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அது பழம் தின்ற கதை. அதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. சின்னராசா கவிதையை முடிக்கவில்லை, அவ்வளவுதான். வாசிகசாலைக் குழு அதை மறக்கவும் இல்லை. அடுத்த வருஷ நோட்டீஸில் அவருடைய பெயர் இரண்டாவதாக, சின்ன எழுத்தில் இருந்தது.

கூட்டம் கலைந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. சின்னராசாவும் இராசமலரும் கடற்கரை ரோட்டால் நடந்தார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டால் இருவரும் சேர்ந்து நடந்து பல வருஷம். பக்கத்தால் சைக்கிளில் போன ஒருவர் பிறேக்கைப் பிடித்து, "கிளாக்கர், பழக் கதை நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னராசா பத்துப் பன்னிரண்டு அடி நடந்தார்.

"கேட்டனீரோ? கிளாக்கராம். என்ர பேர் போச்சு என்ன?"

"பாதி போச்சு," என்றார் இராசமலர்.

"மிச்சம்?"

"மிச்சப் பாதி பதினொரு பாட்டு. அது கிடக்கும்." கொஞ்சம் நின்று காலில் ஏறிய மணலைத் தட்டினார். "அடுத்த ஆனிக்கு நானும் பெட்டியில ஏறுவன். ஸெய்னுதீன் நானாவிட்ட இப்பவே சொல்லி வையுங்கோ. நீங்கள் பைல் கொண்டுவாறதெண்டால் கொண்டுவாங்கோ. எனக்கு ரெண்டு ரின் வேணும்."